கிருபை இலவசமெனில், பறிக்கப்பட்ட உரிமைக்கு யார் பொறுப்பு?



இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் கடந்து காத்திவாக்கம் வரை நீளும் நமது வடசென்னைக் கரையில் பள்ளிவாசலின் பாங்கொலியும் தேவாலயத்தின் மணியோசையும் ஒரே காற்றில்தான் கலக்கின்றன. ஆலைகளிலும் துறைமுகத்திலும் நம் பிள்ளைகள் கிறிஸ்தவச் சகோதரர்களோடு சேர்ந்து உழைக்கிறார்கள். அத்தகைய பழக்கத்தில் மார்க்கப் பேச்சு எழுவது இயல்பே. அப்போது நம்மை நோக்கி வைக்கப்படும் வாதம் இது: “நீங்கள் தொழுதும் நோன்பிருந்தும் சொர்க்கத்தை விலைக்கு வாங்க முயல்கிறீர்கள், எங்களுக்கோ இரட்சிப்பு கிருபையால் இலவசமாகக் கிடைத்துவிட்டது.”

இதற்கு விடை தெரியாமல் நம் இளைஞர்கள் வாயடைத்து நிற்கலாகாது. வேதம் கொடுக்கப்பட்டோரோடு அழகிய முறையிலன்றித் தர்க்கம் செய்யலாகாது என்பது திருக்குர்ஆனின் கட்டளை (29:46). அந்த வரம்புக்குள் நின்றே விடை சொல்வோம்.

அவர்கள் வீட்டிலேயே தீராத வழக்கு

முதலில், “விசுவாசம் மட்டுமே போதும்” என்பது கிறிஸ்தவ உலகம் முழுவதன் கொள்கை அன்று. பாவமன்னிப்புச் சீட்டு காசுக்கு விற்கப்பட்ட கொடுமையைக் கண்டித்து 1517ஆம் ஆண்டு குரல் எழுப்பிய மார்ட்டின் லூதரின் இயக்கம்தான் அதனை முழக்கமாக்கியது. அந்த வணிகத்தை அவர் எதிர்த்ததில் நியாயம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் சென்று சேர்ந்த முடிவைக் கத்தோலிக்கத் திருச்சபை 1547ஆம் ஆண்டு திரெந்துப் பொதுச்சங்கத்தில் கண்டித்து விலக்கியது.

அந்த வழக்கு நம் தமிழ் மண்ணிலும் நடந்தது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூதரின் கொள்கையைத் தமிழில் போதித்தார். அவர் வழிவந்தோரை மறுத்து ‘வேத விளக்கம்’ என்னும் நூலை எழுதியவர் வேறு யாருமல்லர். ‘தேம்பாவணி’ பாடியவராக நாம் பள்ளிப் பாடத்தில் படித்த வீரமாமுனிவரே. ஒரே பைபிளைக் கையில் ஏந்திய இரு சாரார், மனிதன் எவ்வாறு மீட்படைகிறான் என்ற அடிப்படை வினாவிலேயே ஒருவரையொருவர் வழிதவறியோர் என்றனர். லூதரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இது குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டது 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்றுதான். திரெந்துச் சங்கத்திற்குப் பின் 452 ஆண்டுகள்! ஒரு பிரசுரத்தின் நான்கு வரிகளில் அடங்கும் எளிய உண்மையாக அது இருந்திருந்தால் இத்தனை நூற்றாண்டுப் பிணக்கு ஏன்?

சுவிசேஷங்கள் காட்டும் வழி

இரண்டாவதாக, அவர்கள் மதிக்கும் சுவிசேஷங்களையே நோக்குவோம். லூக்காவின் 15ஆம் அதிகாரத்தில் வரும் கெட்ட குமாரன் சொத்தை அழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். தந்தை ஓடிச் சென்று கட்டி அணைக்கிறார். அந்த மன்னிப்புக்கு ஈடாக மூத்த மகனின் உயிரையோ வேறெவர் உயிரையோ அவர் கேட்கவில்லை. கொழுத்த கன்று அடிக்கப்பட்டது விருந்துக்காகவே, பரிகாரத்துக்காக அன்று. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்பிலோ பசித்தவனுக்கு உணவும் தாகித்தவனுக்கு நீரும் கொடுத்தாயா என்பதே விசாரணை. அந்தச் செயல்கள் விசுவாசத்தின் கனிகள் என்று அவர்கள் விளக்கம் சொல்வர். சொல்லட்டும், தீர்ப்பு அவற்றின்மீதே அமைந்துள்ளது என்பதை அந்த விளக்கம் மாற்றிவிடாது. மனிதன் விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் நீதிமானாக்கப்படுகிறான் என்ற கருத்தை யாக்கோபின் நிருபம் (2:24) வெளிப்படையாகவே கூறுகிறது. அந்த நிருபத்தை லூதர் தமது முன்னுரையில் தாழ்த்தி எழுத நேர்ந்ததன் காரணமும் இதுவே.

அமல் விலை அன்று

மூன்றாவதாக, நம்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டே பிழையானது. நாம் சொர்க்கத்தை விலைக்கு வாங்குவோர் அல்லர். எவரையும் அவருடைய அமல் மட்டும் சொர்க்கத்தில் சேர்த்துவிடாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். “தங்களையுமா?” என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, அல்லாஹ்வின் அருள் தம்மைச் சூழ்ந்தாலன்றித் தம்மையும் அவ்வாறே என்றார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆகவே, அருள் பெரிதா, செயல் பெரிதா என்பது நமக்கும் அவர்களுக்கும் இடையிலான வழக்கே அன்று. அருளை நாடி நிற்கும் அடியான் தன் நன்றியையும் கீழ்ப்படிதலையும் காட்டுவதே அமல். ஆதம் (அலை) அவர்கள் தவறியபோது அல்லாஹ் அவர்களின் தவ்பாவை ஏற்றான் (2:37). இடையே எவருடைய இரத்தமும் தேவைப்படவில்லை. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமப்பதும் இல்லை (53:38).

நீதி யாருக்குரியது?

இங்கே அவர்கள் தம் வலிமையான வாதத்தை முன்வைப்பர்: “தண்டனையே இன்றி மன்னித்தால் இறைவனின் நீதி என்னாவது? அந்த நீதியைத்தான் சிலுவை நிறைவேற்றியது.” சிந்தித்து விடையளிக்க வேண்டிய வாதம் இது.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் படர்ந்ததை நம் பகுதி மறந்துவிடவில்லை. மீனவர்கள் கறுத்த கைகளோடு அதை வாளிகளில் அள்ளினார்கள். வலையும் படகும் பாழாயின, தொழில் முடங்கியது. இத்தகைய கேட்டுக்குக் காரணமான ஒருவன், அவன் எம்மதத்தவனாயினும், “இறைவன் என்னை மன்னித்துவிட்டான்” என்று ஆறுதல் கொண்டால் அம்மீனவனுக்குக் கிடைத்த நீதி என்ன? குற்றமற்ற ஒருவர் வேறெங்கோ துன்புற்றதால் இவனுடைய வலை திரும்பி வந்துவிடுமா?

இஸ்லாம் இங்கே தெளிவான கோடு கிழிக்கிறது. அல்லாஹ்வுக்குரிய கடமையில் நேர்ந்த குறையை அவன் நாடினால் மன்னிப்பான். அடியார்களின் உரிமையைப் பறித்தவனோ அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது உரியவனிடம் பொறுப்புக் கேட்க வேண்டும். ஷஹீதுக்குக்கூட கடன் நீங்கலாகவே பாவங்கள் மன்னிக்கப்படும் என்கிறது முஸ்லிம் தொகுப்பிலுள்ள நபிமொழி. தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறரை ஏசியதாலும் பிறர் பொருளை உண்டதாலும் தன் நன்மைகள் அனைத்தையும் அவர்களுக்கு இழந்து, அவர்களின் பாவங்களையும் ஏற்று நரகில் விழுபவனே உண்மையான திவாலாளி என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இது நிரபராதியின்மீது பிறர் பாவத்தைச் சுமத்துவதன்று. அவனே பட்ட கடனின் வசூல்.

சுவிசேஷத்திலும் இதன் சாயல் உண்டு. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பின்னரே, அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று ஈசா (அலை) அவர்கள் கூறியதாக லூக்கா (19ஆம் அதிகாரம்) எழுதுகிறார்.

நமக்குள்ளும் மலிவான கிருபை

லூதரன் போதகரான டீட்ரிச் போன்ஹோபர், மனந்திரும்புதலும் கீழ்ப்படிதலும் இல்லாத மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று 1937ஆம் ஆண்டிலேயே தம் சபையாரிடம் கண்டித்தார். நாசி ஆட்சியை எதிர்த்ததற்காக 1945இல் தூக்கிலிடப்பட்டவர் அவர். அவருடைய கண்டனம் நமக்கும் பொருந்தாதா? “கலிமா சொல்லிவிட்டோம், என்றேனும் சொர்க்கம் கிடைக்கும்” என்று கூலியாளின் கூலியை இழுத்தடிப்போர் நம்மிடம் இல்லையா? சகோதரியின் வாரிசுப் பங்கை விழுங்கிவிட்டு உம்ராவுக்குப் புறப்படுவோர் இல்லையா? பிறரது கொள்கையை மறுத்துவிட்டு அதே கொள்கையை வாழ்ந்து காட்டுவது வெட்கக்கேடு.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பியுங்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கலாகாது (39:53). அந்த அருளைக் காட்டி அடுத்தவன் உரிமையை மறைக்கவும் ஆகாது. அவர்களிடம் வாதம் வந்தால் கனிவோடு விடை சொல்லட்டும். அதற்கு முன் நம் கணக்குகளை நாம் தீர்த்து வைப்போம். கொடுக்க வேண்டியதை உரியவரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு தன் அருளை எதிர்பார்த்து நிற்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.