சிசேரியன்தான் காரணமா? அந்த அக்காவை விட்டுடுங்க!

எங்க தெருவுல ஒரு அக்கா. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. பையனுக்கு நாலு வயசு, இன்னும் பேச்சு வரலை. டாக்டர் ஆட்டிசம்னு சொல்லிட்டார். அன்னையிலிருந்து அவங்க மாமியார் பாடுற ஒரே பாட்டு: "வலி தாங்காம வயித்தக் கிழிச்சுப் பெத்தவதானே, அதான் புள்ள இப்படி ஆயிருச்சு."

கேட்டுக் கேட்டு எரிச்சல்ல எழுதுறேன்.

தொடர்பே இல்லையான்னா, இருக்குங்க. 2019ல ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழ்ல வந்த அலசல் 61 ஆய்வுகளை, 2 கோடிக்கும் மேலான பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்தது. சிசேரியன்ல பிறந்தவங்களுக்கு ஆட்டிசம் வாய்ப்பு சுமார் 33 சதவீதம் அதிகம். உடனே குதிக்காதீங்க! நூத்துக்கு 33 குழந்தைன்னு அர்த்தமில்லை. நூத்துல ஒண்ணு இருக்கிற இடத்துல 1.33, அவ்வளவுதான்.

அதுக்கும் முன்னாடி, 2015ல சுவீடன்ல சுமார் 27 லட்சம் குழந்தைகளை ஆராய்ஞ்சாங்க. அங்கேயும் தொடர்பு தெரிஞ்சுது. ஆனா ஒரே தாயோட பிள்ளைகள்ல சிசேரியன்ல பிறந்ததையும் சுகப்பிரசவத்துல பிறந்ததையும் ஒப்பிட்டப்போ வித்தியாசம் காணாமப் போச்சு! அப்படின்னா மரபணு, அம்மாவோட உடல்நிலை மாதிரி ஏதோ ஒண்ணு ரெண்டுக்கும் பின்னாடி இருக்கலாம். கத்தி மேல பழி போட முடியாது.

பி.காம்ல படிச்சதுதான். ரெண்டு எண் சேர்ந்து ஏறினா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகிடாது. நம்மூர் பாஷையில சொன்னா, ஊசி உடைஞ்சு நிட்டிங்ல விழுந்த ஓட்டை செக்கிங் டேபிள்ல கண்ணுக்குத் தெரியுது. அதுக்காக செக்கிங் அக்கா சம்பளத்துல பிடிப்பீங்களா?

அம்மாவைக் குத்துறது புதுசும் இல்லை. 1967ல பெட்டல்ஹைம் புத்தகம் எழுதி, அம்மாவுக்குப் பாசம் பத்தலைன்னார். தப்பு. 1998ல வேக்ஃபீல்டு தடுப்பூசி மேல பழி போட்டார். 2010ல லான்செட் அந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்குச்சு.

சிசேரியன் அதிகம்தான், மறுக்கலை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 44.9 சதவீதம், தனியார் ஆஸ்பத்திரிகள்ல 63.8. தேவையில்லாம அறுக்கிறாங்களான்னு கண்டிப்பா கேளுங்க. ஆனா ஆஸ்பத்திரியைக் கேளுங்க. ஜோசியர்கிட்ட நல்ல நேரம் குறிக்கிறவங்களையும் கேளுங்க.

சொல்ல மறந்துட்டேன். அந்த அக்காவுக்கு ஆபரேஷன் தேதி குறிச்சுட்டு வந்தது யார் தெரியுமா? அதே மாமியார்தான்!

பழி போடுற நேரத்துல பையனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. போற ஒவ்வொரு மாசமும் அவனோடது.