விலை வீழ்ச்சியும் கடன் சுமையும்

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 விழுக்காடாக இறங்கியது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில் அதுவரை இல்லாத தாழ்வு அது. உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 5.02 விழுக்காடு குறைந்திருந்தது. நகரத்துக் குடும்பங்களுக்கு இது நற்செய்தி. காய்கறியை விற்று வட்டி கட்டும் ஒட்டன்சத்திரம், அய்யலூர் விவசாயிக்கு இதே எண் வேறொன்றைச் சொல்கிறது. விலையேற்றத்துக்கு அஞ்சப் பழகியுள்ள நாம், விலை வீழ்ச்சியைப் பொருட்படுத்துவதே இல்லை.

விலையேற்றத்தின் ஆபத்துக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் முன்வைக்கப்படும் நாடு ஜெர்மனி. 1923 நவம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 4.2 லட்சம் கோடி மார்க். அந்தப் பணவீக்கமே ஹிட்லரை உருவாக்கியது என்பது பட்டிமன்ற மேடை வரை வந்துவிட்ட முடிவு. ஆனால், ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தவில்லை. அதே நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது, பணவீக்கம் அடங்கியது. 1928 மே தேர்தலில் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு வெறும் 2.6 விழுக்காடு, இடங்கள் 12. 1930 செப்டம்பரில் 107 இடங்கள். 1932 ஜூலையில் 37.3 விழுக்காடு வாக்குகளுடன் 230 இடங்கள். இந்த இடைவெளியில் நடந்தது விலையேற்றம் அல்ல, விலை வீழ்ச்சி.

1930 மார்ச்சில் பிரதமரான புரூனிங், நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு அவசர ஆணைகளால் ஆட்சி நடத்தினார். ஊதியம் குறைக்கப்பட்டது, அரசுச் செலவு சுருக்கப்பட்டது. 1931 டிசம்பர் ஆணை வட்டியையும் ஓரளவு குறைத்தது உண்மை. அசலை அது தொடவில்லை. 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதியில் 1928-லேயே விவசாயிகள் வரிக்கும் ஜப்திக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்தனர். 1932 ஜூலையில் நாஜிக் கட்சிக்கு அங்கே கிடைத்தது 51 விழுக்காடு வாக்கு.

வகுப்பறையில் இதை விளக்க எளிய கணக்கு ஒன்று போதுமானதாக இருந்தது. 100 மூட்டை நெல்லின் விலைக்குச் சமமாகக் கடன் வாங்கியவர், விலை பாதியானால் 200 மூட்டை விற்றுத்தான் அசலை அடைக்க முடியும். பத்திரத்தில் உள்ள தொகை மாறுவதில்லை. உண்மையான கடன் இரட்டிப்பாகிவிடுகிறது.

அதே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்ததும் இதுதான். 1929-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் நெல் விலை ஏறக்குறைய பாதியானது. அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த திண்டுக்கல் சமவெளி, கிணற்றுப் பாசனத்தையும் புகையிலை, நிலக்கடலை போன்ற பணப்பயிர்களையும் நம்பியது; சந்தை சரிந்தால் தாங்கிக்கொள்ள வேறு வழியில்லாத வேளாண்மை அது. மாகாணத்தின் கிராமக் கடனை 1930-இல் வங்கி விசாரணைக் குழு 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடி என்றது.

இதில் காலனி அரசின் பங்கு சிறிதல்ல. ரூபாயின் மதிப்பை 18 பென்ஸ் என உயர்த்தி வைப்பது விவசாயியைப் பாதிக்கும் என்று புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் 1926-லேயே மாற்றுக் கருத்து எழுதினார். அது ஏற்கப்படவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. கடன்பட்ட குடும்பங்களின் நகைகள் உருக்கப்பட்டுக் கப்பலேறின. அந்தப் பத்தாண்டுகளில் வெளியேறிய தங்கம் 300 கோடி ரூபாய்க்கும் மேல்.

கடன் கொடுத்தவரும் தப்பவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு மட்டுமே செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 விழுக்காடு. அவர்கள் விரும்பியது பணத்தை, வந்து சேர்ந்ததோ நிலம். கூடவே, நிலம் இழந்தவர்களின் வெறுப்பு. கடன்காரர் வேற்றினத்தவராகவும் இருந்துவிட்டால், பொருளாதாரக் கோபம் எவ்வளவு விரைவில் இனக் கோபமாகும் என்பதற்கு பெர்லின் வரை போக வேண்டியதில்லை.

சென்னை மாகாணத்தில் அரசியல் வேறு திசையில் சென்றது. 1937 தேர்தலில் 215 இடங்களில் 159-ஐ வென்று காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. ராஜாஜி அரசின் 1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன்களின் வட்டி நிலுவையை முழுமையாக ரத்து செய்தது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொண்டது. புதிய கடனுக்கு ஆண்டு வட்டி 6.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. நிலமற்ற கூலிக்கு இதனால் பயன் குறைவு என்பது நியாயமான விமர்சனம். ஆயினும், விலை வீழ்ச்சியின் இழப்பைக் கடன் கொடுத்தவரும் பகிர வேண்டும் என்பதை ஒரு சட்டமன்றம் விவாதித்து முடிவு செய்தது. புரூனிங்கின் ஜெர்மனியில் அது நடக்கவில்லை.

இன்றைய தள்ளுபடிகளை அதன் தொடர்ச்சி என்று சொல்ல இயலாது. 2021-இல் தமிழக அரசு தள்ளுபடி செய்த 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனின் சுமை கருவூலத்தின் மீது விழுந்தது. தனியாரிடம் கடன்பட்டவருக்கு அதில் பங்கில்லை. கடன் வசூலில் அடாவடியைத் தடுக்கும் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேற்கத்தக்கது. அதன் நோக்கம் வசூலிக்கும் முறையைத் திருத்துவது. பயிர்க் காப்பீடு விளைச்சல் இழப்பைப் பார்க்கிறது, விலை இழப்பைப் பார்ப்பதில்லை. தக்காளிக்கும் நிலக்கோட்டைப் பூவுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது.

இவற்றுக்கிடையில் மிஞ்சுவது நகைக்கடன்தான். இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதி வகுத்தது. தங்கம் ஏறும்வரை அடகைப் புதுப்பித்துக் காலம் தள்ளலாம். தங்கமும் தக்காளியும் ஒரே ஆண்டில் இறங்கினால், தவணை நாளில் ஏலத்துக்குப் போகும் நகைகளின் கணக்கை எந்தத் துறை வைத்திருக்கிறது என்று சட்டமன்றத்தில் யாரேனும் கேட்டாக வேண்டும்.