சேர்த்து வைத்த ஹோட்டல் பாயின்ட் கரைவது எப்படி?

அப்பா, அம்மாவுக்கு இந்த வருஷம் 30வது கல்யாண நாள். கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்க வைக்கணும் என்பது என் திட்டம். சம்பளத்தில் அது ஆகாது. அதனால் ஒரு பெரிய ஹோட்டல் குழுமத்தின் ஆப்பில் இரண்டு வருஷமாகப் பாயின்ட் சேர்த்தேன். கரன்ட் பில், இன்ஷூரன்ஸ், ஆபீஸ் நண்பர்களோடு சாப்பிட்ட பில் என எல்லாமே கார்டில்தான். தொடங்கியபோது அந்த ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 20,000 பாயின்ட். என் கணக்கில் 41,000 சேர்ந்த அன்று ஆப்பைத் திறந்தால், அதே ரூமுக்கு 34,000 காட்டியது.

ஏதாவது மெயில் வந்ததா என்று ஸ்பாம் ஃபோல்டர் வரை தேடினேன். இல்லை. "ஒரு ராத்திரி போதும், ரெண்டு நாள் அங்க உட்கார்ந்து என்ன பண்ணப் போறோம்" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார்.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. கார்டும் ஆப்பும் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வார்கள். பாயின்ட் எண்ணிக்கை குறையாது, கணக்கில் அப்படியே இருக்கும். அதை வைத்து வாங்கக்கூடியதுதான் குறைந்துகொண்டே போகும்.

விலைப்பட்டியல் எங்கே போனது?

முன்பெல்லாம் பெரிய ஹோட்டல் குழுமங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஹோட்டல்களைத் தரம் பிரித்து, இந்தத் தரத்துக்கு ஒரு ராத்திரி இத்தனை பாயின்ட் என்று வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, 'இன்னும் இவ்வளவு சேர்த்தால் போதும்' என்று திட்டம் போட முடிந்தது.

ஹில்டன் 2013ல் தன் உச்ச தரத்துக்கான விலையை 50,000 பாயின்ட்டிலிருந்து 95,000 வரை ஏற்றியது. 2017ல் பட்டியலையே எடுத்துவிட்டது. மேரியட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2016ல் ஸ்டார்வுட் குழுமத்தை வாங்கியது. இரண்டு தரப்பு வாடிக்கையாளர்களையும் ஒன்றாக்கி, 2018 ஆகஸ்டில் ஒரே பட்டியல் போட்டது. அப்போது மிக உயர்ந்த ஹோட்டலுக்கே ஒரு ராத்திரிக்கு 60,000 பாயின்ட்தான். 2019 மார்ச்சில் 8வது தரம் என்று புதிதாக ஒன்று வந்தது. விலை 85,000. அதே ஆண்டு செப்டம்பரில் 'சீசன்' விலை வந்தது. கூட்டமான நாட்களில் அதே ரூம் 1,00,000. ஹோட்டல் அதேதான், கட்டில் அதேதான். 2022 மார்ச் கடைசியில் பட்டியலும் போய்விட்டது. இப்போது விமான டிக்கெட் மாதிரி, தேதியைப் பொறுத்து பாயின்ட் விலை மாறும். இதற்கு 'டைனமிக் பிரைசிங்' என்று பெயர். ஐஎச்ஜி குழுமமும் இந்த வழியில்தான் போகிறது. ஹயாத் மட்டும் பட்டியலைக் கைவிடாமல், 2022ல் அதற்குள்ளேயே சீசன் விலையைச் சேர்த்தது.

பட்டியல் இருந்த காலத்தில் விலையேற்றம் ஒரு செய்தி. பயண பிளாக்குகள் கிழித்துத் தொங்கவிடும், கம்பெனி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பட்டியலே இல்லை என்றால் எதை வைத்து 'ஏற்றிவிட்டார்கள்' என்று சொல்வது? என் 20,000 எந்த நாளில் 34,000 ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுவும் அடுத்த வாரம் 29,000 ஆகலாம். அப்போது 'இறங்கிவிட்டதே' என்று நானே சந்தோஷப்படவும் செய்வேன்.

அந்த 'இலவச' ரூமுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வாசலில் பெரிய பிராண்டு பெயர் இருந்தாலும், பெரும்பாலான கட்டடங்கள் அந்த பிராண்டுக்குச் சொந்தம் இல்லை. உரிமையாளர் வேறு ஒருவர். நீங்கள் காசு கொடுத்துத் தங்கும்போது, அந்த பில்லில் ஒரு பங்கை உரிமையாளர் பிராண்டின் லாயல்டி நிதியில் போடுகிறார். நீங்கள் பாயின்ட் கொடுத்துத் தங்கினால், அந்த நிதியிலிருந்து உரிமையாளருக்குப் பணம் போகிறது. ஹோட்டல் காற்று வாங்கும் நாளில் கொஞ்சம்தான் போகும். கிட்டத்தட்ட ஹவுஸ்ஃபுல் என்றால் வழக்கமான வாடகைக்குப் பக்கத்தில் போகும்.

ஆக, கோவிட்டுக்குப் பிறகு ரூம் வாடகை எகிறியபோது நிதியின் செலவும் எகிறியது. கம்பெனி பக்க நியாயம் இது, இதை மறுக்க முடியாது.

ஆனால் பாயின்ட் அச்சடிப்பதும் அதே கம்பெனிதான். அடிக்கடி ஹோட்டலில் தங்குபவருக்குத் தரும் வெகுமதியாகத்தான் இது ஆரம்பித்தது. பிறகு வங்கிகள் மொத்தமாகக் காசு கொடுத்துப் பாயின்ட் வாங்கி, கார்டு தேய்ப்பவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தன. நேரடி விற்பனையும் உண்டு. மேரியட் 1,000 பாயின்ட்டை 12.50 டாலர் என்ற பட்டியல் விலைக்கு விற்கிறது. தங்கப் போகும்போது அதே 1,000 பாயின்ட்டுக்குப் பெரும்பாலும் அவ்வளவு மதிப்பு கிடைக்காது. மேரியட், ஹில்டன் இரண்டிலும் 2024 கடைசியில் தலா 20 கோடிக்கு மேல் உறுப்பினர்கள். இத்தனை பேர் கையில் இருக்கும் பாயின்ட், கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் கடனாக நிற்கிறது. ஒவ்வொரு ரூமுக்கும் கேட்கும் பாயின்ட்டைக் கூட்டினால் அந்தக் கடன் தானாக லேசாகும். நோட்டும் அவர்களே அடிக்கிறார்கள், விலைவாசியும் அவர்களே வைக்கிறார்கள். நடுவில் ரிசர்வ் வங்கி மாதிரி யாரும் இல்லை.

'வாடகை ஏறினால் பாயின்ட் விலையும் ஏறத்தானே வேண்டும்' என்று ஒரு நண்பர் கேட்டார். மாதம் 10 நாள் ஹோட்டலில் தங்கும் கன்சல்டன்ட் அவர். அவருக்கு அது சரி. செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 10 பாயின்ட் என்றால், வாடகை ஏறும்போது அவருக்குக் கிடைக்கும் பாயின்ட்டும் ஏறுகிறது. பில்லையும் ஆபீஸ் கட்டுகிறது. மளிகைக்கும் பெட்ரோலுக்கும் கார்டு தேய்த்துச் சேர்ப்பவருக்கு அப்படி எதுவும் ஏறுவதில்லை. ஏற்கெனவே சேர்த்து வைத்தவருக்கு நஷ்டம் மட்டும்தான்.

ரூபாயில் போட்டுப் பார்ப்போம்

2023 ஆகஸ்டில் மேரியட்டும் எச்டிஎஃப்சி வங்கியும் சேர்ந்து இந்தியாவில் ஒரு கார்டு கொண்டு வந்தன. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மேரியட்டில் செலவழித்தால் 150 ரூபாய்க்கு 8 பாயின்ட், பயணம், உணவு, பொழுதுபோக்குக்கு 4, மற்ற செலவுகளுக்கு 2 என்று அறிமுகத்தின்போது அறிவித்தார்கள். அந்த 2 பாயின்ட் கணக்கில் 15,000 சேர்க்க 11.25 லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும். நீங்கள் குறி வைத்த ரூம் 15,000லிருந்து 20,000 ஆனால், தேவையான செலவு 15 லட்சம். அதாவது இன்னொரு 3.75 லட்சம் ரூபாய்க்குக் கார்டு தேய்க்கணும். கார்டோடு வரும் இலவச இரவுக்கும் உச்சவரம்பு 15,000 பாயின்ட். ரூம் 15,500 காட்டினால், அந்தச் சலுகையை மட்டும் வைத்து அதை எடுக்க முடியாது.

ஹோட்டல் ஒரு பக்கம் என்றால் வங்கி இன்னொரு பக்கம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு நினைவிருக்கிறதா? மாதம் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால் 25,000 போனஸ் பாயின்ட் என்று ஐடி கம்பெனி வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு காலத்தில் அதே பேச்சு. 2023 செப்டம்பர் 1 முதல் அந்த போனஸ் நின்றது. ஆண்டுக் கட்டணம் 10,000லிருந்து 12,500 ஆனது. ஹோட்டல், விமான பாயின்ட்டாக மாற்றும் விகிதம் 5க்கு 4 என்பதிலிருந்து 5க்கு 2 ஆனது. ஆகஸ்ட் 31 அன்று 1 லட்சம் பாயின்ட் வைத்திருந்தவருக்கு 80,000 கிடைத்திருக்கும். மறுநாள் 40,000.

கேட்க ஆள் இல்லையா?

ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டு வந்த கிரெடிட் கார்டு விதிகளில், கட்டணத்தை மாற்றுவதானால் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஹோட்டல் பாயின்ட் என்பது கார்டு கட்டணம் இல்லையே, அதனால் அந்த விதி இங்கே ஒட்டாது. கார்டு கட்டணத்தில் 100 ரூபாய் ஏற்ற நோட்டீஸ் வேண்டும், இரண்டு வருஷச் சேமிப்பைப் பாதியாக்க வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் போக்குவரத்துத் துறை அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் ஆகிய 4 விமான நிறுவனங்களிடம், பாயின்ட் மதிப்பு குறைவது, டைனமிக் பிரைசிங் போன்றவை பற்றி விளக்கம் கேட்டது. அது விமானத்துக்கு. ஹோட்டலுக்கு அதுவும் கிடையாது. இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒன்றை வரையறுத்திருக்கிறது. அப்படிப்பட்ட விதிமுறை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையங்களுக்கும் உண்டு. 'எப்போது வேண்டுமானாலும், முன்னறிவிப்பின்றி மாற்றுவோம்' என்ற ஷரத்தை அந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. விலையை ஏற்றவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. 90 நாள் அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் எத்தனை பாயின்ட் என்று வெளியிடுங்கள். இரண்டுமே ஆப்பில் ஒரு பக்கம் சேர்க்கும் வேலைதான்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? மதிப்பை நிலையாக வைத்திருக்கும் திட்டங்களும் இருக்கின்றன. டாடா நியூவில் 1 நியூகாயின் 1 ரூபாய். அக்கோர் குழுமத்தில் 2,000 பாயின்ட் 40 யூரோ. இதில் கனவு ரிசார்ட் கிடைக்காது, ஆனால் கையில் இருப்பது எவ்வளவு என்று தெரியும். மற்றவற்றில், புக் பண்ணும் முன் வரியோடு சேர்த்த வாடகையைப் பாயின்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 9,000 ரூபாய் ரூமுக்கு 15,000 பாயின்ட் என்றால் ஒரு பாயின்ட் 60 பைசா. வங்கிப் பாயின்ட்டை ஹோட்டல் பாயின்ட்டாக மாற்றுவதை, தேதி உறுதியான பிறகே செய்யுங்கள். மாற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்பாது.

அப்பாவும் அம்மாவும் ஒரு ராத்திரி போய்விட்டு வந்தார்கள். என் கணக்கில் மிச்சம் 7,000 பாயின்ட். 24 மாதம் பயன்படுத்தாமல் விட்டால் அதுவும் காலாவதி என்று ஆப்பில் போட்டிருக்கிறது. இதற்கு மட்டும் தேதி தெளிவாக இருக்கிறது.