இன்ச் டேப்பும் ஒரு படிப்பும்

கொரோனா காலத்தில் எந்த ஊருக்கு எத்தனை வென்டிலேட்டர் வந்தது என்று தினமும் எண்ணிக்கொண்டிருந்தோம். அதை இயக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டவர்கள் குறைவு. அந்த ஆளைத் தயார்செய்யும் சுவாச சிகிச்சைப் படிப்பைப் பற்றி வாசிக்கையில் ஒரு விஷயம் பிடித்து நிறுத்தியது. வென்டிலேட்டரை முடுக்கும்முன் படுத்திருப்பவரின் உயரத்தை இன்ச் டேப்பால் அளக்க வேண்டுமாம். ஆள் பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை. அதன் அளவு உயரத்தை ஒட்டியது. 160 செ.மீ. உயரம், 90 கிலோ எடையுள்ள ஆணுக்கு, கிலோவுக்கு 6 மி.லி. என்று தராசை நம்பினால் ஒரு மூச்சுக்கு 540 மி.லி. போகும், டேப்பை நம்பி உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிட்டால் சுமார் 340தான். நோயுற்ற நுரையீரலுக்குக் காற்றைக் குறைத்துக் கொடுத்தால் சாவு குறைகிறது என்று 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் 40 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 31 ஆனது. இவ்வளவு கணக்கும் கற்கப்போகும் பிள்ளையைத்தான் பிளஸ் டூ ரிசல்ட் நேரத்தில் சொந்தக்காரர்கள் ‘டெக்னீசியன் படிப்பா’ என்று உதட்டைப் பிதுக்கி விசாரிக்கிறார்கள். (டாக்டர் சீட் கிடைக்காததற்குத் துக்கம் கேட்கிறார்களாம்!) இத்தகைய படிப்புகளுக்கு ஒரு தேசிய ஆணையம் வேண்டும் என்று சட்டம் வந்ததே 2021-இல்தான். சேர்க்கப்போகும் பெற்றோர் கல்லூரிக் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை படுக்கை, மாணவருக்கு இரவு ஷிஃப்டில் பயிற்சி உண்டா என்று விசாரிக்கட்டும்.