மகள் இன்னும் ஏன் பெரியவளாகவில்லை?

பதினாறு வயதாகியும் மகள் பெரியவளாகவில்லை என்றால் நம்மிடையே என்ன பேச்சு கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியும். நாகதோஷம் என்பார் ஒருவர். பெற்றவள் செய்த பாவம் என்பார் இன்னொருவர். தோட்டத்து லயமானாலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் பழி தாயின் தலையில்தான் விழுகிறது. உண்மை என்ன, தாய்மார்களே?

பருவமடைதல் கர்ப்பப்பையில் தொடங்குவதில்லை, மூளையில் தொடங்குகிறது. மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி உண்டு. அங்குள்ள சில ஆயிரம் உயிரணுக்கள் விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பட்டாணி அளவான பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி பெண்ணின் சினைப்பையையும் ஆணின் விரையையும் தூண்டுகிறது. பிள்ளைப் பருவத்தில் இந்த உயிரணுக்கள் அடங்கிக் கிடக்கும்.

அவற்றை எழுப்பும் சாவி கிஸ்பெப்டின் என்ற பொருள். அந்தச் சாவிக்கேற்ற பூட்டை உண்டாக்கும் மரபணு பழுதானால் பருவம் வராது என்று 2003-ல் கண்டறிந்தார்கள். மறு ஆண்டே, நம் ஊர்க் குளங்களில் வளரும் திலாப்பியா மீனின் மூளையிலும் அதே பூட்டைக் கண்டவர் பேராசிரியர் இஷ்வார் பார்ஹார். பின்னாளில் சன்வேயிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வை வழிநடத்தியவரும் அவரே.

ஒன்றைக் கவனியுங்கள். 2003-ல் ஆராயப்பட்டவை உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்கள். இந்தப் பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளையைப் பாதிக்கும். பெற்றவர்களுக்கோ ஒரு குறையும் தெரியாது. மாமன் மகள், அத்தை மகன் என்று முடிச்சுப் போடும் நாம் இதை அறிந்திருப்பது நல்லது. தாயை மட்டும் குறை சொல்வது அறிவீனம்.

ஆனாலும் இது அரிய காரணமே. சில குடும்பங்களில் பருவம் தாமதித்து வருவதே வழக்கம். சத்துக்குறைவும் நாட்பட்ட நோயும் தாமதப்படுத்தும்.

எப்போது மருத்துவரிடம் போவது? 13 வயதாகியும் மார்பு வளரத் தொடங்காவிட்டால், 15 வயதாகியும் மாதவிலக்கு வராவிட்டால் போக வேண்டும். மகனுக்கு 14 வயதாகியும் எந்த மாற்றமும் இல்லையென்றாலும் அப்படியே. பெண்ணுக்கு 8, ஆணுக்கு 9 வயதுக்கு முன்பே அறிகுறி தோன்றினாலும் காட்டுங்கள். பிள்ளைக்கு வாசனை தெரியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். அந்த உயிரணுக்கள் கருவில் மூக்குப் பகுதியில் தோன்றியே மூளைக்குச் செல்கின்றன.

மந்திரிக்கக் கொடுக்கும் வெள்ளியை மிச்சப்படுத்தி, பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். இரத்தப் பரிசோதனை காரணத்தைத் தேட உதவும். ஹார்மோன் சிகிச்சையும் உண்டு. மூளையின் சமிக்ஞை குறைந்த பலர் சிகிச்சைக்குப் பின் பிள்ளைகளும் பெற்றிருக்கிறார்கள். அதுவரை அந்தப் பெண்ணின் காதில் ஏச்சுப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.