ஏரிக்கரை மாலை வகுப்பை மீண்டும் திறக்க வேண்டும்

ஊராட்சிப் பொதுமக்களுக்குத் தன்னார்வலர்களும் பெற்றோரும் விடுக்கும் வேண்டுகோள்.

ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் நடந்துவந்த மாலை வகுப்பு போன மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. தலைக்கணக்கு குறைவாம். பிள்ளைகள் இனி ஊருக்குள் கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்கு வந்து சேர்ந்துகொள்ள வேண்டுமாம். அந்த மண்டபத்துப் படியில் இவர்கள் கால் வைத்தால் யார் யார் முகம் சுளிப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு பிள்ளைகூட வரவில்லை. வராது.

கணக்கு ஏன் குறைந்தது? எண்ண வந்தது மாசி மாதத்தில். பாதிக் குடும்பங்கள் அப்போது செங்கல் சூளையில் இருந்தன. இப்போது எல்லோரும் திரும்பிவிட்டார்கள். மறுபடி எண்ணத்தான் ஆளில்லை. வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் மட்டும், அதைப் பிடிக்க இவர்களைக் கூப்பிட நடுராத்திரியிலும் ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பத் தெரிகிறது நமக்கு.

"பகலில் பள்ளிக்கூடம் போகிறார்களே, அது போதாதா?" என்கிறார்கள் சிலர். போதாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே அது 54தான். கொரோனாவுக்குப் பின், 2022 ஏசர் (ASER) கல்வி ஆய்வின்படி, நம் மாநிலக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதே காலத்தில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி மூடியிருந்த 18 மாதங்களில் அதிகம் இழந்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. வேகமாக மீண்டவர்களும் அதே பிள்ளைகள்தான். அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் மாலை வகுப்புகளால் வந்தது. வீட்டு வாசலுக்கே பாடம் போனதால் கிடைத்த பலன் இது. வாசலை ஊருக்குள் மாற்றிவிட்டு, பிள்ளைகள் வரவில்லை என்று எழுதுவது என்ன நியாயம்?

ஆகஸ்ட் 15 கிராமசபைக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். வகுப்பு ஏரிக்கரையிலேயே நடக்க வேண்டும், கணக்கைச் சூளைக்காலம் முடிந்தபின் எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். சென்ற முறை தெருவிளக்குக்காக மண்டபம் கொள்ளாத கூட்டம் வந்தது. இதற்குப் பத்துப் பேர் வந்தால் அது ஊருக்கே வெட்கக்கேடு. தீர்மானம் நிறைவேறாவிட்டால், மறுநாள் மாலையிலிருந்து ஊராட்சி அலுவலக வாசலில்தான் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும்.