பெயரோ நாய்த் தீனி, உள்ளே நிலக்கடலை!

அமெரிக்க நாட்டின் மத்திய மேற்குப் பகுதியிலே, அயோவா, மின்னசோட்டா, விஸ்கான்ஸின், இல்லினாய் முதலிய ராஜ்யங்களிலே, கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் பல வீடுகளில் ஒரு தின்பண்டம் தயாராகிவிடும். மொறுமொறுவென்றிருக்கும் அரிசித் தானியத்தின்மேல் சாக்லெட்டையும் நிலக்கடலை விழுதையும் பூசுவார்கள். அதன்மேல் சர்க்கரைப் பொடியைக் கொட்டிக் குலுக்குவார்கள். பிறகு சிறு சிறு பைகளில் கட்டி, அண்டை வீட்டாருக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், அலுவலக நண்பர்களுக்கும் கொடுத்தனுப்புவார்கள். இந்த அருமையான பண்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "பப்பி சௌ". அதாவது, நாய்க்குட்டித் தீனி!

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. இதில் வேடிக்கையான பொருத்தம் ஒன்றும் உண்டு. இந்தப் பண்டத்துக்கு உபயோகமாகும் கட்டம் போட்ட அரிசித் தானியத்தை முதலில் செய்து விற்றது, மிசௌரி ராஜ்யத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ரால்ஸ்டன் பூரினா கம்பெனி. 1894-ல் கால்நடைத் தீவன வியாபாரமாக ஆரம்பித்த ஸ்தாபனம் அது. அதன் ஸ்தாபகர் வில்லியம் டான்போர்த், முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சில், சிப்பாய்கள் சாப்பாட்டை "சௌ" என்று ஆசையோடு அழைப்பதைக் கேட்டாராம். ஊர் திரும்பியதும் தம்முடைய தீவன மூட்டைகளுக்கும் அந்தப் பெயரையே சூட்டிவிட்டார். அதே கம்பெனி 1937-ல் கோதுமையிலும், 1950-ல் அரிசியிலும், மனிதர்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியத்தைக் கொண்டுவந்தது. இன்று தானியம் ஒரு கம்பெனியிடமும் நாய்த் தீனி வேறொரு கம்பெனியிடமும் போய்ச் சேர்ந்துவிட்டன. சமையற்கட்டிலோ அந்தப் பழைய உறவு இன்னும் விட்டபாடில்லை!

பண்டத்தைச் செய்வது வெகு சுலபம். அந்த ஊர் அளவில் ஒரு கோப்பை என்பது சுமார் 240 மில்லி லிட்டர். அரிசித் தானியம் ஒன்பது கோப்பை எடுத்து ஒரு பெரிய பாத்திரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சாக்லெட் துண்டுகள் ஒரு கோப்பை, நிலக்கடலை விழுது அரைக் கோப்பை, வெண்ணெய் கால் கோப்பை. இவை மூன்றையும் மெல்லிய சூட்டில் உருக்கி, வனில்லா எஸன்ஸ் ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்க வேண்டும். இதைத் தானியத்தின்மேல் ஊற்றி, உடையாமல் புரட்ட வேண்டும். கடைசியில் ஒன்றரைக் கோப்பைச் சர்க்கரைப் பொடியோடு ஒரு பெரிய பையில் போட்டுக் குலுக்கி, மெழுகுத்தாளில் பரப்பி ஆறவிட வேண்டும். அவ்வளவுதான்.

சுலபம் என்றாலும் சூட்சுமம் இல்லாமல் இல்லை. சாக்லெட்டில் உள்ள கொக்கோக் கொழுப்பு சுமார் 34 டிகிரி சூட்டில் உருகிவிடும். நம் உடம்பின் சூட்டைவிட அது சற்றுக் குறைவு. வாயில் வைத்தவுடன் சாக்லெட் கரைகிற ரகசியம் இதுவே. ஆகவே உருக்குவதற்குப் பெரிய நெருப்பு தேவையில்லை. ஈரக் கரண்டி மட்டும் கூடவே கூடாது. இரண்டொரு துளி தண்ணீர் பட்டாலும் சாக்லெட்டில் இருக்கும் சர்க்கரை கட்டிப் பிடித்து, முழுவதும் மணல்போல் ஆகிவிடும். நிலக்கடலையின் எண்ணெய் சாக்லெட்டை இளக்கி, ஒவ்வொரு துண்டின்மேலும் மெல்லிய போர்வையாகப் படியச் செய்கிறது. பூச்சு இளஞ்சூடாக இருக்கும்போதே சர்க்கரைப் பொடியைச் சேர்க்க வேண்டும். அதிகம் கொதித்தால் பொடி ஊறிப் பிசுபிசுக்கும், ஆறிவிட்டால் ஒட்டாது.

இத்தனையும் சொன்ன பிறகு, வாசகர்கள் இந்தப் பண்டத்தின் குணத்தைக் கவனித்திருப்பார்கள். அரிசியைச் சாக்லெட் மறைக்கிறது. நிலக்கடலை சாக்லெட்டுக்குள் மறைந்துகொள்கிறது. எல்லாவற்றையும் சர்க்கரைப் பொடி வெள்ளையாக மூடிவிடுகிறது. பெயரோ உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடலை மிட்டாய் என்றால் கடலை கண்ணுக்குத் தெரியும், பெயரிலும் தெரியும். இதிலே கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது. நாம் இன்று பேனா எடுத்ததே இந்தக் காரணத்துக்காகத்தான்.

முதலில் நாயின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சாக்லெட்டில் தியோப்ரோமின் என்றொரு பொருள் இருக்கிறது. மனிதர் உடம்பு அதைச் சீக்கிரம் கழித்துவிடும். நாயின் உடம்பு அதைக் கழிக்க வெகு நேரம் ஆகும். அளவு மிஞ்சினால் வாந்தி, படபடப்பு, வலிப்பு எல்லாம் வரும். பிராணனுக்கே ஆபத்து நேரும். சர்க்கரைக்குப் பதிலாக ஸைலிட்டால் கலந்த நிலக்கடலை விழுதும் சில உண்டு. அது நாய்க்குக் கொடிய விஷம். ஆக, நாய்க்குட்டித் தீனி என்று பெயர் படைத்த பண்டம், நாய்க்குட்டி தொடவே கூடாத பண்டம்! விவரம் அறியாத குழந்தை ஒன்று பெயரை நம்பித் தன் செல்ல நாய்க்கு ஒரு பிடி போட்டால் என்ன ஆகும்?

நாயைவிடப் பெரிய கவலை மனிதக் குழந்தையைப் பற்றியது. "அலர்ஜி" என்று வைத்தியர்கள் சொல்லும் ஒவ்வாமை சிலருக்கு நிலக்கடலையால் ஏற்படுகிறது. அமெரிக்கக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்கு இந்தத் தொல்லை இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல் சக்தி, கடலையில் உள்ள புரதத்தைப் பகைவன் என்று தவறாக எண்ணிப் போருக்குக் கிளம்பிவிடுகிறது. தோலில் தடிப்பு எழும்பும்; உதடு வீங்கும்; சிலருக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறும்; ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அப்போது காப்பாற்றுவது அட்ரினலின் மருந்து ஒன்றே. பேனாவைப் போன்ற ஊசிக்குழலில் அது வருகிறது. தாமதமில்லாமல் தொடையில் போட்டு, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சிறிது நேரம் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு.

டப்பாவில் அடைத்து விற்கும் பண்டமானால் சட்டம் காவல் நிற்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் 2004-ல் இயற்றி, 2006-ல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, நிலக்கடலை, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கொட்டைப் பருப்பு வகை, கோதுமை, சோயா ஆகிய எட்டில் எது கலந்திருந்தாலும் தெளிவாக அச்சிட வேண்டும். 2021-ல் எள்ளையும் ஒன்பதாவதாகச் சேர்த்தார்கள். நம்முடைய "நாய்த் தீனி"யில் இந்த ஒன்பதில் மூன்று சாதாரணமாகவே குடியிருக்கின்றன: நிலக்கடலை, வெண்ணெய் வழியாகப் பால், சாக்லெட்டில் சேரும் லெசித்தின் வழியாகச் சோயா.

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை அந்த நாட்டார் அலட்சியம் செய்தவர்கள் அல்லர். நிலக்கடலை விழுதை அவர்கள் "வெண்ணெய்" என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயரில் விற்பதற்கு எத்தனை பங்கு கடலை இருக்க வேண்டும் என்ற தகராறு 1959-ல் கிளம்பியது. அரசாங்கம் நூற்றுக்கு 95 என்றது, கம்பெனிகள் ஒப்பவில்லை. விசாரணை, சாட்சி, அப்பீல் என்று பன்னிரண்டு வருஷம் ஓடி, 1971-ல்தான் 90 பங்கு என்ற விதி அமலுக்கு வந்தது. ஒரு டப்பாவின் மேலுள்ள பெயர் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக ஒரு தேசம் பன்னிரண்டு வருஷம் வாதாடியிருக்கிறது!

ஆனால் வீட்டிலே செய்து, அன்பாகக் கட்டிக் கொடுக்கும் பைக்கு எந்தச் சட்டமும் இல்லை; எந்தச் சீட்டும் இல்லை. கம்பெனிக்காரன் லாபத்துக்காகச் செய்கிறான். ஆகவே அவன்மேல் நமக்குச் சந்தேகம். அடுத்த வீட்டம்மாள் அன்புக்காகச் செய்கிறாள். அவளைச் சந்தேகிக்கக் கூச்சம். இந்தக் கூச்சத்தின் நடுவேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அந்நாட்டில் பல பள்ளிக்கூடங்கள், வீட்டுப் பட்சணம் வேண்டாம், சீட்டு ஒட்டிய கடைப் பண்டமே கொண்டுவாருங்கள் என்று சொல்லுகின்றன. பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும், வீட்டுக் கைப்பக்குவத்துக்குக் கதவடைப்பதுதான் ஒரே வழியா?

அப்படியானால் நிலக்கடலையையே ஒதுக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். பயந்து ஒதுக்கிய கதையும் நடந்ததுதான். ஒவ்வாமைக்கு இடமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரையில் நிலக்கடலை கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2000-ல் யோசனை கூறியது. அதற்கு ஆதாரம் போதவில்லை என்று 2008-ல் அதைக் கைவிட்டது. அதே 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளைவிட இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இந்த ஒவ்வாமை பத்தில் ஒரு பங்கே இருப்பதைக் காட்டியது. இஸ்ரேலில் கைக்குழந்தைகூட நிலக்கடலை கலந்த சோளப்பொரித் தின்பண்டத்தைச் சப்புவது வழக்கம். பிறகு லண்டனில் டாக்டர் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளை ஐந்து வயது வரையில் கவனித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். நிலக்கடலையை ஒதுக்கிய கூட்டத்தில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை. சிறு வயது முதல் தின்ற கூட்டத்தில் 3 பேருக்குத்தான்! (கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. சிறு குழந்தைக்கு முழுக் கடலை கொடுப்பதும் ஆகாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.) கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குவது மருந்தல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தைக்கு ஒரு சிறு துணுக்கும் ஆபத்தாகலாம் என்பதில் மாறுதல் இல்லை.

இது எங்கோ இருக்கும் அமெரிக்கர் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. பேரன் பேத்தியைப் பார்க்க நம் ஊரிலிருந்து எத்தனை தாத்தா பாட்டிகள் அங்கே போய் வருகிறார்கள்! பெட்டியில் கடலை மிட்டாயும் கடலை உருண்டையும் இல்லாமல் எந்தப் பாட்டி விமானம் ஏறுகிறாள்? பேரனோடு விளையாட வந்த பிள்ளைக்கு, "சாப்பிடு, கண்ணு" என்று ஒன்றைக் கையில் வைப்பதுதான் நம் வழக்கம். வாங்க மறுத்தால் மனம் சுருங்குவதும் நம் வழக்கம். அந்தப் பிள்ளையின் தாய் ஓடிவந்து, "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், அதைப் பாட்டி அவமதிப்பாக எண்ணக் கூடாது. அது பாட்டியின் கைப்பக்குவத்தைப் பற்றிய சந்தேகம் அல்ல. தன் பிள்ளையின் மூச்சைப் பற்றிய கவலை.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். பண்டத்தைத் தாராளமாகச் செய்யுங்கள், தாராளமாகக் கொடுங்கள். பையின்மேல் ஒரு சிறு சீட்டில், "இதில் நிலக்கடலை, பால், சோயா உண்டு, நாய்க்குக் கொடுக்கக் கூடாது" என்று நாலு வார்த்தை எழுதி ஒட்டுங்கள். சாக்லெட், தானியம் இவற்றின் டப்பாவில் அச்சிட்டிருப்பதையும் படித்துப் பார்த்து, விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது வாயாலும் ஒரு தடவை சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தை வருகிறது என்று தெரிந்தால், கடலை விழுதுக்குப் பதிலாகச் சூரியகாந்தி விதை விழுதைச் சேர்க்கலாம். ருசி அதிகம் கெடாது. அதன் டப்பாவிலும் கடலைக் கலப்பு இல்லையென்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாத்திரம், கரண்டி, பை மூன்றும் தனியாக இருக்க வேண்டும். கடலை விழுதில் தோய்ந்த கரண்டியால் கிளறிவிட்டு, இதில் கடலை இல்லை என்று சொல்லுவது பொய் சொல்லுவதற்குச் சமானம்.

இதற்கு எத்தனை செலவு ஆகும்? ஒரு துண்டுக் காகிதமும் அரை நிமிஷமும்தான். ஒன்பது கோப்பைத் தானியத்தைப் பொறுமையோடு புரட்டியெடுக்கும் கைக்கு, நாலு வார்த்தை எழுதுவது பாரமா? விருந்தாளியைக் கேட்டுப் பரிமாறுவது பழைய மரியாதை. உள்ளே இருப்பதைச் சொல்லிப் பரிமாறுவது இந்தக் காலத்து மரியாதை. இரண்டும் சேர்ந்தால்தான் உபசாரம் பூரணமாகும்.

பெயர் நாய்க்குட்டித் தீனியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வேடிக்கையை நாம் கெடுப்பானேன்? அதன் அடியில் உண்மையும் ஒரு வரி இருக்கட்டும்.